சீட்டில் எழுதினால் களிம்புக்கு வீரியம் கூடுமா?

அக்கா மகன் நியூ ஜெர்சியிலிருந்து தங்கை கல்யாணத்துக்காகத் திருச்சி வந்திருந்தான். இறங்கிய நாளே ஸ்ரீரங்கம், மலைக்கோட்டை, ஜவுளிக்கடை என்று உச்சி வெயிலில் சுற்றியாயிற்று. இரவும் பகலும் மாறிப்போய் தூக்கமும் சரியில்லை. மூன்றாம் நாள் ராத்திரி சாப்பிட உட்கார்ந்தவன், ரசம் உதட்டில் பட்டதும் முகத்தைச் சுளித்தான். "மாமா, மேல் உதட்டுல ஊறுது. வந்துரும் போலிருக்கு."

அவனுக்கு இந்த உதட்டுக் கொப்புளம் வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை வரும். "உடம்பு சூடுடா, இளநீர் குடி" என்றாள் அக்கா. "தூங்கும்போது பூச்சி எச்சம் பட்டிருக்கும்" என்றாள் பாட்டி. அவனோ பையைக் கவிழ்த்துப் போட்டு எதையோ தேடிக்கொண்டிருந்தான். அமெரிக்காவில் வாங்கிய களிம்பு ட்யூப் அங்கேயே குளியலறை அலமாரியில் தங்கிவிட்டது.

"பரவாயில்ல மாமா, அது சும்மா கடையில எடுக்குறதுதான். டாக்டர் எழுதித் தர்றது வேற, அதுதான் ஸ்ட்ராங்" என்றான்.

எனக்குப் பிடிபடாமல் நின்றது இந்தப் பேச்சுதான். டாக்டர் சீட்டில் எழுதினால் ஸ்ட்ராங், கடையில் நாமே எடுத்தால் லேசு என்று நம்மில் பெரும்பாலோர் நினைக்கிறோம். பல மருந்துகளில் அது சரியும்கூட. இந்த உதட்டுக் கொப்புளக் களிம்புகள் விஷயத்தில் அந்தக் கணக்கு உதவாது.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். தமிழில் இதற்கென்று ஒரே பெயர் நிலைக்கவில்லை. சூட்டுக் கொப்புளம், காய்ச்சல் கொப்புளம், உதட்டுப் புண் என்று ஊருக்கு ஒரு பெயர். சிலர் அக்கி என்றே சொல்லிவிடுவார்கள், ஆனால் அக்கி சின்னம்மை வைரஸின் வேலை. வாய்க்குள் வரும் சாதாரண வாய்ப்புண்ணும் வேறு, இரண்டு உதடும் சேரும் மூலையில் வெடிக்கும் கடைவாய்ப் புண்ணும் வேறு. நாம் பேசும் உதட்டுக் கொப்புளம் ஹெர்பிஸ் சிம்ப்ளக்ஸ் ஒன்றாம் வகை வைரஸால் வருவது. 50 வயதுக்குட்பட்டவர்களில் 64 சதவீதம் பேர், ஏறக்குறைய 380 கோடிப் பேர், இதைச் சுமப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. சின்ன வயதில் யாரோ கொஞ்சியபோது ஒட்டிக்கொண்டிருக்கும். பலருக்கு வாழ்நாள் முழுக்க ஒரு கொப்புளம்கூட வராது.

ஒட்டிக்கொண்ட வைரஸ் தோலில் தங்குவதில்லை. முகத்துக்கு வரும் நரம்பின் வழியே ஏறி, காதுக்கு முன்னால் மண்டைக்குள் இருக்கும் நரம்பு முடிச்சில் போய்ப் படுத்துவிடுகிறது. காய்ச்சல், வெயில், தூக்கமின்மை, மாதவிடாய், பல் பிடுங்கியது என்று ஏதாவது ஒன்று தட்டி எழுப்பினால் அதே நரம்பில் இறங்கி அதே இடத்துக்கு வரும். இடம் மாறாமல் வருவது அதனால்தான். முதலில் ஊறல், குறுகுறுப்பு. சில மணி நேரத்தில் சிவப்பு. அப்புறம் கொத்தாக நீர்க்கொப்புளம், அது உடைந்து புண், பிறகு பொருக்கு. எல்லாம் சேர்த்து ஏழு முதல் பத்து நாள். எந்தக் களிம்பும் நரம்பு முடிச்சு வரை போகாது. தோலுக்கு வந்துவிட்டதை அடக்கத்தான் பார்க்கும். அதற்கும் அவகாசம் குறைவு, ஏனென்றால் வைரஸ் பெருகுவதில் பெரும்பகுதி முதல் ஒன்றிரண்டு நாளில் முடிந்துவிடுகிறது. கொப்புளம் நன்றாகத் தெரிந்த பிறகு பூசுகிறவர் பந்தி முடிந்து இலை எடுக்கும்போது வருகிறவர் மாதிரி.

இப்போது அமெரிக்கக் கடைக்கு வருவோம், ஏனென்றால் பையனின் நம்பிக்கை அங்கே பிறந்தது. அங்கே சீட்டில்லாமல் கிடைப்பது அப்ரீவா. மருந்தின் பெயர் டோக்கோசனால், 10 சதவீதம். 22 கார்பன் அணுக்கள் வரிசையாகக் கோத்த ஒரு கொழுப்பு ஆல்கஹால். இது வைரஸைத் தாக்குவதில்லை. வைரஸின் மேலுறை நம் செல்லின் சவ்வோடு ஒட்டிக் கலந்தால்தான் உள்ளே நுழைய முடியும், அந்தக் கலப்பைத் தடுக்கிறது. 2000ஆம் ஆண்டு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதை அனுமதித்தது.

சீட்டு வேண்டியவற்றில் முக்கியமானவை இரண்டு. அசைக்ளோவிர் 5 சதவீத க்ரீம், சோவிராக்ஸ் என்ற பெயரில் வருவது. பென்சிக்ளோவிர் 1 சதவீத க்ரீம், டெனவிர் என்று 1996இல் வந்தது. இரண்டும் ஒரே குடும்பம். அசைக்ளோவிர் பர்ரோஸ் வெல்கம் என்ற மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்தில் பிறந்தது. அங்கே அந்த வேலையை நடத்திய கெர்ட்ரூட் எலியனுக்கு 1988இல் நோபல் பரிசு கிடைத்தது. அதன் சூட்சுமம் அழகானது. வைரஸ் தன்னைப் பிரதியெடுக்க மரபணுச் சங்கிலி கட்டும்போது, செங்கல்லோடு செங்கல்லாக இந்தப் போலிச் செங்கல் போய் உட்காரும். அதற்கு மேல் அடுத்த கல்லை வைக்க முடியாது. இந்தப் போலிக் கல்லை உயிர்ப்பிப்பதே வைரஸின் சொந்த நொதிதான். வைரஸ் புகாத செல்லில் மருந்து ஏறக்குறையச் சும்மா கிடக்கும்.

சோதனைக் கணக்கைப் பார்த்தால்தான் வேடிக்கை தெரியும். டோக்கோசனால் பூசியவர்களுக்குப் புண் ஆற நடுவாக 4.1 நாள், மருந்தில்லாத வெறும் களிம்பு பூசியவர்களைவிட 18 மணி நேரம் முன்னதாக. பென்சிக்ளோவிருக்கு 4.8 நாள், வெறும் க்ரீமுக்கு 5.5. மிச்சம் 0.7 நாள், அதாவது 17 மணி நேரம் போல. அசைக்ளோவிர் க்ரீமை இரண்டு சோதனைகளில் பார்த்தார்கள்: ஒன்றில் 4.3க்கு 4.8, மற்றதில் 4.6க்கு 5.2. கிட்டத்தட்ட அரை நாள்.

மூன்றும் வெவ்வேறு ஆட்களிடம் வெவ்வேறு சமயத்தில் நடந்த சோதனைகள். டோக்கோசனால்தான் ஜெயித்தது என்று இதிலிருந்து சொல்லக்கூடாது. ஆனால் சீட்டு மருந்து கடை மருந்தைத் தூக்கிச் சாப்பிடுகிறது என்பதற்கு இங்கே ஓர் எழுத்தும் இல்லை. மூன்றும் அரை நாளிலிருந்து முக்கால் நாள் வரை வாங்கித் தருகின்றன, அவ்வளவுதான். பென்சிக்ளோவிரை விழித்திருக்கும் நேரமெல்லாம் இரண்டு மணிக்கொரு தடவை பூச வேண்டும், மற்ற இரண்டும் நாளுக்கு ஐந்து தடவை. அலுவலகம் போய் வருகிறவருக்கு இரண்டு மணிக்கொரு தடவை என்பது நடக்கிற காரியமா என்ன?

அப்படியானால் ஒன்றுக்கு ஏன் சீட்டு, மற்றதற்கு ஏன் வேண்டாம்? பதில் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. 1951இல் வந்த ஒரு திருத்தம் அமெரிக்க மருந்துகளை இரண்டே பெட்டியில் போட்டது: சீட்டு வேண்டியது, வேண்டாதது. நடுவில் எதுவும் இல்லை. பிரிட்டனில் மூன்று பெட்டி. சீட்டு வேண்டியது, மருந்தாளுநர் முன்னிலையில் விற்பது, பால் பாக்கெட்டோடு சேர்த்து எடுத்து வருவது. அந்த நடுப்பெட்டி இருந்ததால் அசைக்ளோவிர் க்ரீம் அங்கே 1993இல் சீட்டிலிருந்து விடுபட்டு மருந்துக்கடை மேசைக்கு வந்தது. பிறகு அங்கிருந்தும் நகர்ந்து, இன்று 2 கிராம் ட்யூபாக சூப்பர்மார்க்கெட் அலமாரியில் நிற்கிறது. அப்படி விட்டால் வைரஸ் மருந்துக்கு மசியாமல் போய்விடும் என்ற பயம் இருந்தது. வருஷக்கணக்கில் கண்காணித்தும், நல்ல எதிர்ப்புச் சக்தி உள்ளவர்களிடம் அப்படிப்பட்ட வைரஸ் ஒரு சதவீதத்துக்கும் கீழேதான் இருந்தது, ஏறவும் இல்லை.

இன்னொரு படி மேலே போனார்கள். 2018இல் இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவை தன் டாக்டர்களுக்கு ஒரு பட்டியல் அனுப்பியது: இந்தச் சின்ன உபாதைகளுக்கு வழக்கமாகச் சீட்டு எழுத வேண்டாம், கடையில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள் என்று. அதில் எப்போதாவது வரும் உதட்டுக் கொப்புளமும் உண்டு. அமெரிக்காவில் டாக்டர் எழுதினால்தான் கிடைக்கும் க்ரீம், லண்டனில் டாக்டரே எழுத மறுக்கும் க்ரீம். இரண்டிலும் அதே 5 சதவீதம்.

அமெரிக்கச் சீட்டுக்கு ஒரு விலைக் கதையும் உண்டு. 2011இல் வேலியன்ட் என்ற நிறுவனம் சோவிராக்ஸ் களிம்புகளின் அமெரிக்க, கனடா உரிமையை 30 கோடி டாலருக்கு வாங்கியது. அதன் பிறகு விலை ஏறிய வேகத்தைக் கேட்டால் தலை சுற்றும். 5 கிராம் ட்யூபுக்கு நூற்றுக்கணக்கான டாலர். பழைய மருந்துகளை வாங்கி விலையை உயர்த்துவதற்காகவே அந்த நிறுவனம் பிறகு அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் நிற்க வேண்டியிருந்தது. அப்ரீவா 2 கிராம் ட்யூபோ இருபது டாலரைச் சுற்றி. திருச்சியில் அசைக்ளோவிர் ட்யூபுக்கு நூறு ரூபாய் நோட்டை நீட்டினால் மீதிச் சில்லறை வரும். இவ்வளவு விலை இருந்தால் இவ்வளவு வீரியமும் இருக்க வேண்டும் என்று மனசு தானாகக் கணக்குப் போட்டுக்கொள்கிறது. பையனும் அதைத்தான் போட்டிருந்தான்.

சீட்டு இருந்தும் வீணாகும் ஓர் இடம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். நாம் க்ரீம், ஆயின்மென்ட், களிம்பு எல்லாவற்றையும் ஒன்றாகச் சொல்லிவிடுகிறோம். அசைக்ளோவிர் விஷயத்தில் க்ரீம் வேறு, ஆயின்மென்ட் வேறு. 1982இல் முதலில் வந்த ஆயின்மென்ட் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற வழவழப்பான அடித்தளத்தில் செய்தது. மருந்து அதற்குள்ளேயே சுகமாக இருந்துவிடும், தோலுக்குள் இறங்க மனசு வராது. திரும்பத் திரும்ப வரும் உதட்டுக் கொப்புளத்தில் அது சொல்லிக்கொள்கிற மாதிரி பலன் தரவில்லை. அதே மருந்தை, அதே 5 சதவீதத்தை, தோலைக் கொஞ்சம் இளக்கிவிடும் புரோப்பிலீன் கிளைக்கால் சேர்த்த க்ரீமில் வைத்தபோதுதான் அந்த அரை நாளாவது கிடைத்தது. எதில் குழைத்திருக்கிறார்கள் என்பது சீட்டு இருக்கிறதா என்பதைவிடப் பெரிய கேள்வி.

இனி பற்பசைக்கு வருகிறேன். "ஊறும்போதே பற்பசை தடவினேன், வரவே இல்லை" என்று சத்தியம் செய்பவர் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் இருப்பார். மஞ்சள், நெய், வசம்பு, ஐஸ் கட்டி, எது சொன்னாலும் சாட்சி கிடைக்கும். அவர்கள் பொய் சொல்வதில்லை. செரீஸ் என்று ஒரு சீட்டு மருந்து 2009இல் அமெரிக்காவில் வந்தது. அசைக்ளோவிரோடு 1 சதவீதம் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டைச் சேர்த்தது. அதன் சோதனையில், ஊறல் தொடங்கியதுமே பூசியவர்களில் 42 சதவீதம் பேருக்குப் புண்ணாக உடையாமலே அடங்கியது. அசைக்ளோவிர் மட்டும் பூசியவர்களில் 35 சதவீதம். மருந்தே இல்லாத வெறும் க்ரீம் பூசியவர்களில்? 26 சதவீதம்.

அந்த 26ஐக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலில் ஒரு தடவை அது தானாகவே பின்வாங்கிவிடுகிறது. அந்தத் தடவை உதட்டில் எது இருந்ததோ அதற்குப் பேர் போய்விடும். பற்பசைக்கு இருக்கும் புகழ் முழுக்க அந்த நாலில் ஒன்றிலிருந்து வந்தது. நான் சின்ன வயதில் பூசிக்கொண்ட சுண்ணாம்புக்கும் அப்படித்தான் வந்திருக்கும், எரிந்த எரிச்சல் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

தேனை மட்டும் அவ்வளவு லேசாகத் தள்ள முடியவில்லை. நியூசிலாந்தில் 76 மருந்துக்கடைகள் வழியாக 952 பேரைச் சேர்த்து, பாதிப் பேருக்கு 5 சதவீத அசைக்ளோவிர் க்ரீமும் பாதிப் பேருக்கு கானுகா என்ற செடியின் தேனில் கிளிசரின் கலந்த மருத்துவக் களிம்பும் கொடுத்தார்கள். தோல் பழையபடி ஆக க்ரீமுக்கு 8 நாள், தேனுக்கு 9 நாள். புள்ளிவிவரப்படி இரண்டுக்கும் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. 2019இல் முடிவு வெளியானது. தேன் உயர்ந்தது என்றும் இதைப் படிக்கலாம், க்ரீம் அவ்வளவுதான் என்றும் படிக்கலாம். ஒன்றும் பூசாமல் விட்ட மூன்றாவது கூட்டம் அந்தச் சோதனையில் இல்லை, அதனால் நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன். சமையலறைத் தேன் பாட்டில் அந்தக் களிம்பு ஆகிவிடாது என்பதையும் பாட்டியிடம் சொல்ல வேண்டியிருந்தது.

சரி, மறுநாள் காலை கதை. கொப்புளம் எழும்பிவிட்டது. தெருமுனை மெடிக்கலுக்குப் போனோம். பையன் பழக்கதோஷத்தில், "அண்ணே, சீட்டு வேணுமா?" என்றான். கடைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எதுக்குப்பா?" என்று உதட்டைக் கவனித்து, ஒரு ட்யூபை எடுத்து வைத்தார். அசைக்ளோவிர்தான். மேலே 3 சதவீதம் என்று இருந்தது.

"இது கண்ணுக்குப் போடுறதாச்சே?" என்றேன்.

"அட ஆமா சார், பக்கத்துப் பக்கத்துல வச்சிருக்கோம்" என்று மாற்றிக் கொடுத்தார். கண் மருந்து உதட்டில் பட்டால் பெரிய கேடு வராது, பலன்தான் சந்தேகம். தோல் க்ரீமைக் கண்ணில் போட்டுக்கொண்டால் அது வேறு கதை.

அமெரிக்காவில் இல்லாத ஆபத்து ஒன்று நம் கடை மேசையில் இருக்கிறது. இந்தியச் சட்டத்தில் சீட்டில்லாமல் விற்கலாம் என்று தனியாக ஒரு பட்டியலே கிடையாது, எதற்குச் சீட்டு வேண்டும் என்ற அட்டவணைகள்தான் உண்டு. "புண்ணுக்கு ஏதாவது ட்யூப் குடுங்க" என்று கேட்டால், ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து எல்லாம் ஒன்றாகக் குழைத்த கலவைக் களிம்பு கைக்கு வரும். எதற்கும் ஆகும் என்று பேர் வாங்கியது. ஹெர்பிஸ் புண்ணில் அதில் உள்ள பூஞ்சை மருந்துக்கும் பாக்டீரியா மருந்துக்கும் வேலை இல்லை, ஸ்டீராய்டு உடம்பின் காவலைத் தளர்த்தி வைரஸுக்கு வழி விடுகிறது. முதல் நாள் சிவப்பு குறையும், அதனால் நல்ல மருந்து என்று தோன்றும். செரீஸில் ஸ்டீராய்டு இருக்கிறதே என்று கேட்கலாம். அங்கே அது மென்மையான வகை, பக்கத்திலேயே அசைக்ளோவிர் காவலுக்கு நிற்கிறது. தோல் மருத்துவர்கள் பல வருஷம் கத்திய பிறகு, 2018இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டுகளின் மேல்பூச்சுகளையும் சீட்டு வேண்டிய அட்டவணைக்குள் கொண்டுவந்தது. ஏட்டில் வந்துவிட்டது, மேசைக்கு எவ்வளவு வந்திருக்கிறது என்று அவரவர் தெருமுனையில் பார்த்துக்கொள்ளலாம்.

சீட்டுக்கு உண்மையிலேயே மதிப்பு இருக்கும் இடம் மாத்திரை. வாலசைக்ளோவிர் 2 கிராம், 12 மணி நேரம் கழித்து இன்னொரு 2 கிராம், ஒரே நாளில் முடிந்தது; 2002இல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி வந்தது. ஊறல் தொடங்கியதும் விழுங்கினால் ஏறக்குறைய ஒரு நாள் மிச்சம். ரத்தத்தின் வழியே உள்ளிருந்து வருவதால் தோலைத் துளைக்கும் தொல்லை இல்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும், அந்த முடிவை டாக்டர்தான் எடுக்க வேண்டும். வருஷத்தில் பல தடவை வருகிறவர்களுக்குத் தினசரி மாத்திரை கொடுத்து வராமலே தடுப்பதும் உண்டு. அப்புறம் சில பேர் கடை மேசையோடு நிற்கவே கூடாது: கண் சிவந்து உறுத்துகிறவர்கள், புற்றுநோய் சிகிச்சையிலோ எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்திலோ இருப்பவர்கள், கரப்பான் (எக்ஸிமா) என்ற தோல் நோய் உள்ள குழந்தைகள், பத்து நாள் தாண்டியும் ஆறாத புண் உள்ளவர்கள். பிறந்த குழந்தை இருக்கும் வீட்டில் உதட்டுக் கொப்புளத்தோடு யாரும் குழந்தையை முத்தமிடக் கூடாது. அந்த வயதில் இது உயிரையே எடுக்கக்கூடிய நோய்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, எல்லாக் களிம்பையும் தோற்கடிக்கிற ஒன்றைச் சொல்லாமல் விட்டால் சரியில்லை. 1991இல் ஒரு சோதனை. வெயில் பட்டால் கொப்புளம் வரும் 38 பேரின் உதட்டில், புற ஊதாக் கதிரை வேண்டுமென்றே பாய்ச்சினார்கள். வெறும் க்ரீம் பூசியபோது 27 பேருக்குக் கொப்புளம் வந்தது, சராசரியாக மூன்று நாள் கழித்து. சன்ஸ்க்ரீன் பூசிவிட்டுப் பாய்ச்சியபோது ஒருவருக்கும் வரவில்லை. பையன் வெயிலில் சுற்றியதற்கும் ரசம் எரிந்த ராத்திரிக்கும் நடுவில் இருந்த நாட்களை விரல் விட்டு எண்ணினேன். அவன் கழுத்துக்கும் கைக்கும் சன்ஸ்க்ரீன் பூசிக்கொண்டுதான் கிளம்பினானாம். உதட்டுக்குப் பூச வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை.

கல்யாண ஆல்பம் போன வாரம் வந்தது. தாலி கட்டும் படத்தில் எல்லோரும் மேடையைப் பார்க்க, அவன் மட்டும் இடது கன்னத்தைக் கேமராவுக்குக் காட்டித் திரும்பி நிற்கிறான். ஐந்து நாளும் ஒழுங்காகப் பூசினான், பொருக்கு வந்த நாளில் பொருக்கு வந்தது. ஊருக்குக் கிளம்பும்போது மிச்சமிருந்த ட்யூபைப் பெரிய பெட்டியில் வைக்கப் போனவன், எடுத்து பாஸ்போர்ட் வைக்கும் சின்னப் பையில் போட்டுக்கொண்டான்.